கூறு போடுகிறவரின் கத்தி

எங்கள் வீட்டில் ஒரு கத்தியை மாற்ற ஒன்றரை வருடம் ஆனது. வீட்டையே மாற்றியிருந்தால்கூட அதற்குள் பால் காய்ச்சிக் குடிபோயிருப்போம். மடக்கினால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கத்தி. அதற்காக நான் பட்ட பாட்டை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கத்தி என் கணவருடையது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. வீட்டுச் சாமான்களை எல்லாம் விற்றார்கள். நல்ல கட்டில் ஒன்று இருக்கிறதாம், போய்ப் பாருங்கள் என்று இவரை அனுப்பினேன். போனவர் கட்டிலோடு வரவில்லை, கத்தியோடு வந்தார். அந்த வீட்டு மனிதர் முயல் வேட்டைக்கும் பன்றி வேட்டைக்கும் போனவராம், அவருடைய வேட்டைக் கத்தியாம் அது. இரண்டு முனையிலும் பித்தளை, நடுவில் காப்பிக்கொட்டை நிறத்தில் மரப்பிடி. விரித்தால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பிடியின் முதுகில் கட்டைவிரலால் அழுத்தினால்தான் மடங்கும்.

"இத்த பாரு மே, சீமை ஸ்டீலு" என்று விரித்து விரித்து மடக்கிக் காட்டினார்.

"இதும் மேல படுத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். அன்றைக்கும் பாயில்தான் படுத்தோம்.

அந்தக் கத்தியால்தான் இவர் எங்கள் லைனில் கூறு போடுகிறவர் ஆனார். லைன் என்பது சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகள். ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் இன்னும் நிறைய இருக்கின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கள் லைன்காரர்கள் சேர்ந்து ஓர் ஆடு பிடிப்பார்கள். கறிக்கடைக்காரர் வந்து அறுத்து, உரித்து, பெரிய எலும்புகளை உடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதற்கு அப்புறம் கறியைப் பிரித்து வீட்டுக்கு ஒரு கூறாக வைக்க வேண்டும். தராசெல்லாம் கிடையாது. எல்லாக் கூறிலும் ஈரல் ஒரு துண்டு இருக்க வேண்டும், கொழுப்பு கொஞ்சம் இருக்க வேண்டும், நெஞ்செலும்பு இருக்க வேண்டும். ஒரு கூறில் சதை கூடி இன்னொன்றில் எலும்பு கூடினால் பண்டிகை நாளும் அதுவுமாக மூஞ்சி தொங்கிப் போகும். இவர் குந்தி உட்கார்ந்து, அந்தக் கத்தியால் ஈரலைச் சீவிச் சீவிக் கூறுகளின் மேல் வைத்துக்கொண்டே போவதை லைனே சுற்றி நின்று பார்க்கும்.

கூறு வைத்தபின் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இவர் ஒரு கூறைக் கையால் காட்டி, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்கிறவர், எந்தக் கூறு என்று தெரியாமலே ஒரு வீட்டைச் சொல்வார். கோடி வீடு, குழாயடி வீடு, டெய்லர் வீடு, நர்ஸ் வீடு என்று. சொன்னது சொன்னதுதான், மாற்றக் கூடாது. மிச்சம் நிற்கிற கடைசிக் கூறுதான் கூறு போட்டவருக்கு. சுவரைப் பார்க்கிற வேலை என்னுடையது. நான் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள், பொய் சொல்ல மாட்டேன் என்று லைனில் ஒரு நம்பிக்கை. புத்தர் படம் மாட்டிய இரண்டு வீடுகளில் தீபாவளி கிடையாது, மாதா படம் மாட்டிய வீட்டிலும் கிடையாது. ஆனால் கூறு மட்டும் எல்லோருக்கும் உண்டு. எங்கள் ஊரில் பண்டிகை வேறு, கறி வேறு.

சுரங்கத்தை மூடியபிறகு இவர் பெங்களூருக்கு ட்ரெய்னில் போய்வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தார். பிறகு சர்க்கரை வந்தது. காலில் ஒரு சின்னப் புண், ஆறவே இல்லை, கடைசியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். வேலையும் அதோடு போனது. "இனிமேல் கையிலோ காலிலோ ஒரு கீறல்கூட விழக் கூடாதும்மா, பார்த்துக்குங்க" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். கவனியுங்கள், என்னிடம்தான் சொன்னார். இவர் அப்போது ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரி வாசலில் பைக் நிறுத்துகிறவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட கையில் அந்தக் கத்தி. தீட்டித் தீட்டி அலகு பாதியாகிவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். அதைவிட மோசம், பூட்டும் தேய்ந்துவிட்டது. விரித்து வைத்தால் நிற்கும், கொஞ்சம் அழுத்தினால் மடங்கிவிடும். மடங்காமல் இருக்கப் பிடியைச் சுற்றி சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை இறுக்கியிருந்தார். ஒரு நாள் தேங்காய் மூடியிலிருந்து பருப்பை நெம்பிக்கொண்டிருக்கும்போது கத்தி படாரென்று விரல் மேல் மடங்கியது. ட்யூப் குறுக்கே இருந்ததால் நகம் மட்டும் நறுங்கியது. அவரோ நகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் தேங்காயை எடுத்தார்.

"இன்னாங்க, இந்தக் கத்திய தூக்கிப் போடுங்க. விரலு போயிருக்கும்."

"போனா என் விரலு தான மே போவும்."

"உங்க விரலு போனா யாரு சோறு பிசைவாங்க? நான்தான ஊட்டணும்?"

"ஊட்டேன். கல்யாணத்துல கூட ஊட்டல நீ."

இந்த மனிதரிடம் பேசி ஜெயிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த கூறுக்கு முன்னால் இந்தக் கத்தி இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

முதலில் பஜாருக்குப் போனேன். பாத்திரக் கடையில் கத்தி கேட்டால் பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் பிடி போட்ட காய்கறிக் கத்தியை எடுத்து நீட்டினார்கள். நல்லதாக ஒன்று வாங்கி வந்தேன். இவர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் பாட்டியைக் காட்டிய மாதிரி.

"இது வெண்டைக்காய் நறுக்க. எடுத்துனு போய் சாம்பாரு வெய்யி."

கறிக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போல ஒரு நீளக் கத்தி வாங்கி வந்தேன். அதுவும் ஆகாதாம். "அது வெட்றதுக்கு மே. இது பிரிக்கறதுக்கு. ரெண்டும் ஒண்ணா?" என்றார். அத்தோடு, மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போக வேண்டுமாம். கூறு எங்கே நடக்கிறது, எங்கள் வாசலிலிருந்து பத்தடியில் நடக்கிறது. அதற்கு மடக்கி எடுத்துக்கொண்டு போக இவர் என்ன காட்டுக்கா கிளம்புகிறார்?

சரி, புதிதுதான் பிடிக்கவில்லை, பழையதையாவது சரி செய்யலாம் என்று பார்த்தேன். இவருக்கு ஒரு சிநேகிதர், சுரங்க ஒர்க்‌ஷாப்பில் டிரில் கம்பிகளுக்கு முனை தட்டிக் கொடுத்தவர். பாறையைத் துளைக்கும் கம்பிகள், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் மழுங்கி வரும். அதைச் சிவக்கக் காய்ச்சி, முனை தட்டி, தண்ணீரில் முக்கி அனுப்ப வேண்டும். வாழ்நாள் பூராவும் அதைச் செய்த மனிதர். பூட்டை மட்டும் இறுக்கித் தாருங்கள் அண்ணா என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பிடியைக் கழற்றினார். பூட்டைப் பார்த்தாரா, அது கடவுளுக்குத்தான் தெரியும். அலகைப் பார்த்ததும் பழைய புத்தி வந்துவிட்டது போல. அடுப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, முனையில் நாலு தட்டு தட்டி, பக்கெட் தண்ணீரில் சொய்யென்று முக்கி எடுத்துவிட்டார்.

"எடுத்துனு போம்மா. இனிமே பாறையே பொளக்கும்" என்று கொடுத்தார்.

யாருக்குப் பாறை பிளக்க வேண்டும்? இந்த ஊரில் நூறு வருடத்துக்கு மேலாகப் பிளந்த பாறை போதாதா? அந்தப் பொங்கலுக்கு நெஞ்செலும்பு ஒன்றின் இடுக்கில் கத்தியை நெம்பினார் இவர், அவ்வளவுதான், முனை கண்ணாடித் துண்டு மாதிரி முறிந்து கறிக்குள் போய்விட்டது. லைன் மொத்தமும் கூறைக் கலைத்து அந்தத் துண்டைத் தேடினோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான். பூட்டு பழையபடி ஆடிக்கொண்டிருந்தது, கூடவே இப்போது முனையும் இல்லை, பதமும் இல்லை. சிநேகிதரை ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. "ஸ்டீலு அவ்ளோதான். அவன் இன்னா பண்ணுவான்?" என்றார். என்னை மட்டும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பொங்கலில் இன்னொன்றும் நடந்தது. இரண்டு பண்டிகையாகவே கூறு சரியாக விழவில்லை. குழாயடி வீட்டுக்கு ஈரலே போகவில்லை. ஒரு கூறு மலை மாதிரி, ஒரு கூறு மடு மாதிரி. டெய்லர் ஜாடையாக, "இன்னாண்ணா, இந்த வாட்டி கத்தி தூங்கிட்ச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்து, "ஆமாண்டா, மொக்கக் கத்தி, இன்னா பண்றது" என்றார். வீட்டுக்குள் வந்து கத்தியைப் படுமோசமான வார்த்தைகளில் திட்டினார். சரி, அவ்வளவு மோசமான கத்தியை மாற்றுங்கள் என்றால் அதற்கும் என் மேல் பாய்ந்தார். கத்தியைத் திட்டுவார், ஆனால் மாற்ற விடமாட்டார். இது எந்த ஊர் நியாயம்?

என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். விடியற்காலை ட்ரெய்னில் போய் இருட்டியபின் வருகிறவன், வீட்டுக்கு ஒரு விருந்தாளி மாதிரி. அவனைப் பிடித்தேன். போனில் நாலு தட்டு தட்டினான், இதோ பார் அம்மா என்று படம் காட்டினான். அச்சு அசல் அதே கத்தி. பித்தளை முனை, மரப்பிடி எல்லாம். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவனுக்கு அன்றைக்கு இரண்டு ஆம்லெட். கொண்டுவருகிற பையன் பங்காருபேட்டையிலிருந்து போன் பண்ணி, கன்னடத்தில் லேண்ட்மார்க் கேட்டான். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் பக்கம் என்றேன். எந்த ஷாஃப்ட் என்றான். அதுவும் நியாயம்தான், ஊரெல்லாம் ஷாஃப்ட். மூன்று நாள் இழுத்தடித்து ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தது. பிரித்தால் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கத்தி, கூடவே ஒரு வளையம். சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வதாம்!

"படத்துல பெருசா இருந்துச்சும்மா" என்றான் மகன்.

"படத்துல ஆனையும் பெருசாத்தாண்டா இருக்கும்! பக்கத்துல இன்னா கீதுன்னு பாக்க மாட்ட?"

இவர் அந்தக் குட்டிக் கத்தியை விரித்து, காது குடைகிற மாதிரி காட்டி, வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பாவும் மகனும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு அடுப்பிலிருந்த தோசைக் கரண்டியை எடுத்து வீசலாம் போல இருந்தது.

பிறகு மகனுக்கே ரோஷம் வந்து, சிட்டி மார்க்கெட் பக்கம் ஒரு பழைய கடையில் நிஜமான கத்தியைக் கண்டுபிடித்து வாங்கிவிட்டான். போனில் சொன்னான். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வெறுங்கையோடு வந்தான். மெட்ரோவில் ஏறப் போயிருக்கிறான், பை ஸ்கேனரில் போயிருக்கிறது, மாட்டிக்கொண்டான். கத்தியை விட்டுவிட்டு உள்ளே போ, இல்லையென்றால் எடுத்துக்கொண்டு வெளியே போ என்றார்களாம். துரை கத்தியை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

"எத்தினி ஸ்டேஷன்டா?"

"ரெண்டும்மா."

"ரெண்டு ஸ்டேஷனுக்கா? நடந்து வரக் கூடாதா? கால்ல இன்னா, மருதாணியா வெச்சிருந்த?"

"மாரிகுப்பம் ட்ரெய்ன் போய்டும்மா! வுட்டா கஷ்டம், உனுக்குத் தெரியும்தான?"

எனக்குத் தெரியும். தெரிந்தாலும் ஆத்திரம் அடங்குமா? இவர் இதையும் சிரித்துக்கொண்டே கேட்டார். "நாங்க ஷிஃப்ட் முடிஞ்சி மேல வந்தா தங்கம் கீதான்னு தடவிப் பாப்பான். இப்ப கத்தி கீதான்னு பாக்கறானா? பாக்கட்டும், பாக்கட்டும்." அந்த முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. கத்தி வராமல் போனதில் இந்த மனுஷனுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்கு வந்ததே கோபம்! அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு ஊறுகாய்கூடப் போடவில்லை.

தீபாவளி நெருங்கிவிட்டது. இனி யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று மகனோடு நானே விடிகாலை ட்ரெய்ன் ஏறினேன். நிற்க இடமில்லை. ஒயிட்ஃபீல்டு வரைக்கும் ஒரு பெண்ணின் டிபன் பை என் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது. இந்தப் பாட்டைத்தான் என் மகன் தினமும் படுகிறான் என்று அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது. கடைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து, "பேட்டெக்காம்மா? வேட்டைக்கா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, வீட்டுல ஒரு கரடி கீது" என்றேன். நாலு கத்திகள் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் விரித்து, முதுகை மேஜை விளிம்பில் வைத்து என் உடம்பு எடையெல்லாம் போட்டு அழுத்திப் பார்த்தேன். பூட்டு விடுகிறதா என்று. கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஒரு கத்தி அசையவே இல்லை. பித்தளை முனை, மரப்பிடி, கிட்டத்தட்ட பழையதன் தம்பி மாதிரி. பதம் பாருங்கம்மா என்று தன் முன்கையில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். மயிர் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது. எனக்குப் பரம திருப்தி. மெட்ரோ பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கீரைக்கட்டுக்கு நடுவில் கத்தியைச் செருகி, ஆட்டோ பிடித்து, ட்ரெய்ன் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். ஒன்றரை வருடமாக வராத சண்டையா இனி வரப்போகிறது? இருந்தாலும் தரையில் வைத்தேன். எடுத்தார். விரித்தார். டக்கென்று பூட்டிக்கொண்டது. நொட்டை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் வெய்ட்டு ஜாஸ்தி" என்றார்.

"ஜாஸ்தியா இருந்தா தூக்கிப் பழகுங்க."

பழைய கத்தியை அவர் கண்முன்னாலேயே எடுத்துக்கொண்டு போய், பழைய இரும்பு வாங்குகிற வண்டிக்காரனிடம் போட்டேன். எனக்கு அன்றைக்கு இருந்த வீறாப்பில் வண்டியையே தள்ளிவிட்டிருப்பேன்.

தீபாவளியன்று காலை. ஆடு அறுத்தாகிவிட்டது, வெள்ளைச் சாக்கைப் பிரித்து விரித்திருந்தார்கள், லைனே சுற்றி நின்றது. புதுக் கத்தியை எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். "டீச்சர் பெங்களூர் போய் எடுத்தாந்தாங்களாம்" என்று நர்ஸ் வீட்டுக்காரி சொன்னபோது எனக்குப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? கத்தி வழுக்கிக்கொண்டு போனது. ஈரல் வெண்ணெய் மாதிரி பிரிந்தது. "பாருடா, கத்தின்னா இது!" என்றார் டெய்லர். இவரும் உற்சாகமாகத்தான் இருந்தார். கேலி பேசிக்கொண்டே, மூச்சு வாங்காமல் போட்டார். பூட்டு ஒரு தடவைகூட ஆடவில்லை. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாடா என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

"இது யாருக்கு?"

"கோடி வீடு."

"இது யாருக்கு?"

"மாதா வீடு."

"இது யாருக்கு?"

நான் நர்ஸ் வீடு என்று சொல்வதற்குள் பின்னால் ஒரு அமைதி. பட்டாசு எங்கோ தூரத்தில் வெடித்துக்கொண்டிருந்தது. பிறகு டெய்லர் மெதுவாக, "ண்ணா... கை" என்றார்.

திரும்பக் கூடாது என்பது வழக்கம். திரும்பினேன். வலது கையில் கத்தி, இடது கை ஆட்காட்டி விரலால் ஒரு கூறைக் காட்டிக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார். அந்த விரலின் ஓரம் சீவின மாதிரி பிளந்து கிடந்தது. ரத்தம் விரல் வழியாக இறங்கி, கறியே இல்லாத இடத்தில், வெள்ளைச் சாக்கின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அதுவரை கறி ரத்தத்தோடு ரத்தமாக இருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இவர் எங்கள் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், எங்கள் கண் போன இடத்தைப் பார்த்தார், அப்புறம்தான் தன் விரலைப் பார்த்தார்.

"எப்ப பட்டுது?" என்று கேட்டார்.

என்னிடம் கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

என் புடவைத் தலைப்பைச் சுற்றி அழுத்திப் பிடித்தேன். கூறு அப்படியே கிடந்தது. யார் எடுப்பது, எப்படி எடுப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் நர்ஸ் வீட்டுக்காரிதான், "கறின்னா கழுவித்தான ஆக்கப் போறோம், எடுங்க எடுங்க" என்றாள். நல்ல மனசு அவளுக்கு. ஆனால் அதை இவர் காதில் விழுகிற மாதிரி சொல்லியிருக்க வேண்டாம். எழுந்து நின்றவர் தலையைத் தூக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, டாக்டர் இவரைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு மழுங்கின ஊசியால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். இவர் "தெரியுது", "தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இடையில் டாக்டர் ஊசியை எடுத்துவிட்டு, விரலைத் தொடாமலே, தெரிகிறதா என்று கேட்டார்.

"தெரியுது" என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு என்னென்னவோ ஞாபகம் வந்தது. பட்டன் வைத்த சட்டையே வேண்டாம், பனியன்தான் சௌகரியம் என்று இரண்டு வருடமாக அடம் பிடித்தது. சில்லறை எண்ணச் சொன்னால் எரிந்து விழுந்தது. எல்லாவற்றுக்கும் நான் திட்டியிருக்கிறேன், வயசானதும் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று. அந்த மழுங்கல் கத்தி விரலில் பட்டாலும் அறுக்காது. அதனால் இவர் பத்திரமாக இருந்தார். கூறு கோணலாகப் போனால் பழியைப் போடவும் அது இருந்தது. நான்தான் மெனக்கெட்டு பெங்களூர் போய், மயிரை வழிக்கிற பதத்தில் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "எத்தினி நாளா கையி மரத்துக் கெடக்குது? ஏன் ஒரு வார்த்த சொல்லல? வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று கத்தினேன். டோக்கனுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா கத்திய கையில குடுப்பியா?" என்றார்.

கொடுத்திருக்க மாட்டேன். சத்தியமாகக் கொடுத்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

புண் ஆறுவதற்குப் பொங்கல் வரை ஆனது. விரல் தப்பியது. பொங்கலுக்கு முன்னால் டெய்லர் வந்து வாசலில் நின்றார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "ஆட்டுக்குச் சொல்லிட்டோம் டீச்சர், கூறு யாரு..." என்று ஆரம்பித்தவர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பால் தரையைத் தேய்த்தார்.

"ஏண்டா இழுக்கற?" என்றார் இவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கத்தி அவகிட்ட கீது. அவள கேளு."

சொல்லிவிட்டு எழுந்து, ஊனக் காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துப் பின்கட்டுக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யாரைத் திட்டுவது? டெய்லர் பாவம், அவர் என்ன செய்வார். கத்தியைத் திட்டலாம் என்றால் அது புதுக் கத்தி, அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.